விளக்கு வைக்கிற நேரத்தில் சொன்ன சொல்

போன மாதம் அடுப்புக்கு ரப்பர் டியூப் வாங்குவதற்காக நம் கேஸ் ஏஜென்சியின் சிதம்பரம் கிளைக்கு வந்திருந்தேன். வருடக்கணக்கில் நான் உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் இருந்தார். நல்ல பிள்ளை. பளிச்சென்று இஸ்திரி போட்ட சட்டை, முகம் நிறையச் சிரிப்பு. போன் அடித்தது, எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண் பேசியது மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. "சார், வூடு பூரா கேஸ் நாத்தம் அடிக்குது சார்." அதற்கு நம் தம்பி சொன்ன பதில், "கன்ஸ்யூமர் நம்பர் சொல்லுங்க மேடம்."

எனக்கு வந்த கோபத்தில் மேஜைமேல் பாதி ஏறி அந்தப் போனைப் பிடுங்கிவிட்டேன். "எங்கம்மா நின்னு பேசுற?" என்றேன். சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தாள். நம்பர் எழுதியிருக்கும் அட்டையை எடுக்க டியூப் லைட்டைப் போடப் போகிறாளாம்! சுவிட்சைத் தொடாமல் வெளியே ஓடு என்று சொல்லி, மெக்கானிக்கை அனுப்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தத் தம்பியைப் பிடித்து நான் திட்டிய திட்டில், டியூப் வாங்க நின்றிருந்தவர்கள் பாதிப் பேர் கலைந்து போனார்கள். முதலாளி தன் அறையிலிருந்து வந்து என்னைச் சமாதானப்படுத்தினார். "புதுசா சேர்ந்தவங்களுக்கு நீங்களே ஒரு நாள் வந்து சொல்லிக் குடுங்கம்மா. கோவம் ஆறினதும் வாங்க" என்றார்.

கோபம் ஆறவில்லை. அதனால் எழுதிக் கொடுக்கிறேன். படியுங்கள்.

நான் மெக்கானிக் இல்லை. ஸ்பேனரைக் கையால் தொட்டதில்லை. முதலில் கடலூர் அலுவலகத்திலும், கல்யாணமாகி வந்த பிறகு சிதம்பரத்திலும் போன் எடுத்தவள், அவ்வளவுதான். கம்ப்ளெய்ன்ட் சீட் என்பார்கள். ஏஜென்சியில் யாருக்கும் பிடிக்காத சீட் அது. சிலிண்டர் வரவில்லை, அடுப்பு நீலமாக எரியவில்லை, டெலிவரி பையன் மரியாதையில்லாமல் பேசினான் என்று நாள் முழுக்க யாராவது ஒருவர் காதில் கத்திக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கத்தல்களுக்கு நடுவில் ஒன்று வரும், கத்தாமல் வரும். "மேடம், என்னமோ வாசன வர்ற மாதிரி இருக்குது" என்று தயங்கித் தயங்கி வரும். அதுதான் உயிர் போகிற போன் கால். சத்தமாகப் பேசுகிறவனுக்கு முதலில் பதில் சொல்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அந்தப் பழக்கத்தை வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

நமக்கு அந்த நாற்றம் வராது. தீயணைப்புக்காரருக்குப் புகை தெரியும், மருத்துவருக்குப் புண் தெரியும், நமக்கு ஒரு குரல் மட்டும்தான். அந்தக் குரலை வைத்தே வீடு எப்படி, யார் யார் இருக்கிறார்கள், எங்கே நெருப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், முதல் கேள்வி "எங்கே நிற்கிறீர்கள்?" இரண்டாவது கேள்வி "வீட்டில் எங்காவது நெருப்பு இருக்கிறதா?" நம்பரும் முகவரியும் அவர்கள் தெருவுக்கு வந்த பிறகு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருமுறை கேஸ் கசிவு என்று புகார் வந்தது. வந்தது பரங்கிப்பேட்டையிலிருந்தா? துபாயிலிருந்து! அங்கே வேலை பார்க்கும் ஒரு பாய் பேசினார். வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் மட்டும். "மேடம், என் வூட்டுக்காரம்மா உங்க ஆபீசுக்கு எத்தினி தடவ அடிச்சாங்க தெரியுமா? எங்கேஜ், எங்கேஜ், எங்கேஜ். கடைசியா எனக்கு அடிச்சாங்க. நான் கடல் தாண்டி உக்காந்துகிட்டு என்னாத்த பண்ணுவேன்? அல்லா காப்பாத்தணும்!" என்றார். கடல் தாண்டியிருந்த மனிதருக்கு லைன் கிடைத்தது, பக்கத்து ஊரில் இருந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? சாப்பாட்டு நேரம் என்று எங்கள் ஆள் ஒருவர் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தார். நான் பார்த்து அதை எடுத்து வைத்ததும் வந்த முதல் போன்தான் துபாய். கீழே வைத்தது யார் என்று தெரிந்தபோது அவர் சாம்பார் சாதத்தில்தான் நான் என் கோபத்தைக் காட்டினேன். டப்பாவோடு குப்பைக்குப் போய்விட்டது. அதற்காக எனக்கு வருத்தமில்லை. நல்லவேளை, அந்தப் பெண் புத்திசாலி. புருஷனுக்குப் போன் போடும்போதே பிள்ளைகளோடு பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

சிதம்பரத்தில் ஒரு சாயங்காலம். கவுண்டரை மூடிவிட்டார்கள், மெக்கானிக்குகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், நான் மட்டும் பையை எடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். போன் அடித்தது. குசுகுசுவென்று ஒரு பெண் குரல். யாரும் கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற குரல்.

"மேடம், புது சிலிண்டர் மாட்டினேன். ஒரே நாத்தமா இருக்குது. அடுப்ப அணைச்சிட்டேன். ரெகுலேட்டரையும் ஆப் பண்ணிட்டேன். ஆனா இன்னும் உஸ்ஸுனு சத்தம் வந்துகிட்டே இருக்குது."

பெயர் விஜி என்றாள். அந்த வீட்டு மருமகள். சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் எங்காவது நெருப்பு இருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்ல மேடம். வெளக்குகூட இன்னும் ஏத்தல." பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. "நடு ரூம்ல சாம்பிராணிக்கு கரி போட்டிருக்குது. எங்க நாத்தனாருக்கு புள்ள பொறந்திருக்குது. புள்ளைக்கு புகை காட்டறாங்க."

பிள்ளை பெற்ற வீடு எப்படி இருக்கும் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். காற்றுப் படக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, சந்தில் துணியும் அடைத்திருப்பார்கள். பச்சை உடம்புக்காரி தரையில் பாய் போட்டுப் படுத்திருப்பாள். பாய்க்குப் பக்கத்தில் கரிச் சட்டி கனன்றுகொண்டிருக்கும். நாம் கொடுக்கிற கேஸ் இருக்கிறதே, அது புகை மாதிரி மேலே போகாது. கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து வரும். சமையலறைக்கும் நடு அறைக்கும் இடையில் கதவு உண்டா என்று கேட்டேன். நிலைப்படி மட்டும்தான், கதவு கிடையாது என்றாள்.

அந்த சிலிண்டர் எப்படி அந்த வீட்டுக்குள் போனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலையில் நம் டெலிவரி ஆள் கொண்டுபோயிருக்கிறார். "தீட்டு வூடுப்பா, உள்ள வராத. வாசல்லயே வெச்சிட்டுப் போ" என்று மாமியார் சொல்லியிருக்கிறார். இவரும் சரிம்மா என்று வைத்துவிட்டு வந்துவிட்டார். அட, உள்ளேதானே வரக் கூடாது? வாசலிலேயே மூடியைத் திறந்து, வால்வில் ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எந்தத் தீட்டு தடுத்தது? பார்த்திருந்தால், வளையம் பிய்ந்து கிடந்தது அங்கேயே தெரிந்திருக்கும். வண்டியில் இருந்த வேறு சிலிண்டரை இறக்கியிருப்பார். டெலிவரியில் இருக்கிறவர்கள் இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

என் மேஜையில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. முதலில் ரெகுலேட்டரை மூடு, சிலிண்டருக்கு மூடியைப் போடு, ஜன்னல்களைத் திற, பிறகு வெளியேறு என்று வரிசையாக இருக்கும். சரியான வரிசைதான். ஆனால் அந்த வரிசையை எழுதியவர் கனன்றுகொண்டிருக்கும் கரிச் சட்டியையும் பச்சைக் குழந்தையையும் மனதில் வைத்து எழுதவில்லை. விஜி, "மூடி எங்க போச்சுனு தெரியல மேடம், தேடட்டுமா?" என்றாள்.

"மூடியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாரையும் கூட்டிகிட்டு தெருவுக்குப் போ. எந்த சுவிட்சயும் தொடாத."

"அத்த ஒத்துக்க மாட்டாங்க மேடம். மொதல்லயே சொல்லிட்டேன். எக்ஸாஸ்ட் பேனப் போடுடி, நாத்தம் போயிடும்னு சொல்றாங்க. நான்தான் போடாம உங்களுக்கு அடிச்சேன்."

அந்த ஃபேனைப் போட்டிருந்தால் நான் இதை இப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சுவிட்சில் பறக்கிற ஒரு பொறி போதும். மாமியார் சொல்லி மருமகள் செய்யாத ஒரு வேலை அந்த வீட்டில் அன்றைக்கு நடந்திருக்கிறது. அதற்கே அவளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும்.

வெளியே நின்றுதான் போன் பேச வேண்டும் என்று நாம் எல்லோருக்கும் சொல்கிறோம். சரி. அவளை மட்டும் வெளியே அனுப்பிவிட்டால் உள்ளே இருக்கிற மூன்று பேரை யார் எழுப்புவது? அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு மதிப்பு இல்லை. அவளுக்கே அது தெரியும், அதனால்தான் குசுகுசுத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நேராக மாமியாரிடம் போ என்றேன். விதிப்படி தப்பு. தெரிந்தேதான் சொன்னேன்.

அந்த அம்மாளின் குரல் கேட்டது. "யாருடி அது போன்ல?"

நான் மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். "அம்மா, கேஸ் ஆபீசுலேர்ந்து பேசறேன். கேஸ் லீக் ஆவுது. புள்ளய தூக்கிகிட்டு எல்லாரும் உடனே தெருவுக்கு வந்துடுங்கம்மா."

"இன்னா பேசற நீ? வெளக்கு வெக்கிற நேரம். அந்தியில பச்சப்புள்ளய தெருவுக்குத் தூக்கினு போவாங்களா? காத்து கருப்பு அடிச்சா நீ வந்து பாப்பியா? நாத்தம்தான, பேனப் போட்டா போயிடும். ஏண்டி விஜி, ஊரக் கூட்டறியா?"

இன்னும் ஒருமுறை தன்மையாகச் சொன்னேன். "நீ போன வைம்மா" என்றார்.

நான் அந்த ஊரில் வாழ்ந்தவள். இரண்டு பிள்ளை பெற்றவள். அந்த மாதிரி வீட்டில் எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெற்ற வீட்டில், அதுவும் அந்தியில், நல்ல வார்த்தைதான் பேச வேண்டும். பிள்ளை கனமாக இருக்கிறது என்றுகூடச் சொல்ல மாட்டோம். அதெல்லாம் தெரிந்தும், தொண்டை கிழிகிற மாதிரி கத்தினேன்.

"ஏம்மா, உனக்கு கூறு இருக்கா? அந்தக் கரிச் சட்டிய நோக்கி கேஸ் தரையில வந்துகிட்டு இருக்குது. இன்னும் கொஞ்ச நேரம் குந்தியிருந்தினா உன் பேரப்புள்ள எரிஞ்சு போவும். கரிக்கட்டையாத்தான் அள்ளுவ. தூக்கினு ஓடு!"

ஒரு இளம் பெண்ணின் அலறல் கேட்டது. பிள்ளை பெற்றவள்தான். "அய்யோ, எம்புள்ள!" என்று அலறிக்கொண்டே அவள் எழுந்து ஓடுகிற சத்தம் கேட்டது. கொலுசுச் சத்தம். மாமியாருக்காக நான் கத்தினேன், எழுந்தது மகள். அவள் பிள்ளையோடு ஓடியதும் மாமியார் என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினார். "கரியில தண்ணிய ஊத்திட்டு வரட்டுமா மேடம்?" என்று விஜி கேட்டாள். "வேணாம், தொடாத. வூடு போனா போவுது, நீ வெளிய வா" என்றேன். யோசித்துப் பார்த்துச் சொல்ல நேரமில்லை. ஆனால் இப்போது யோசித்தாலும் அதைத்தான் சொல்வேன். அணைக்கலாமா வேண்டாமா என்று குனிந்து நிற்கிற நேரத்தில் ஒரு ஆள் தப்பித்துவிடலாம்.

தெருச் சத்தம் கேட்டதும் முகவரியை வாங்கினேன். அலுவலகத்தின் இன்னொரு போனில் தீயணைப்பு நிலையத்துக்கும், அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் குடியிருந்த நம் மெக்கானிக்குக்கும் சொன்னேன். ஒரு காதில் விஜி, ஒரு காதில் அவர்கள். அக்கம்பக்கத்தவர்கள் கூடிவிட்டார்கள் என்று தெரிந்தது. யாரும் உள்ளே போகக் கூடாது, வாசலில் நிற்காமல் தள்ளிப் போகச் சொல் என்று விஜியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மாமியாரின் குரல் மறுபடியும் கேட்டது. அழுகையும் ஆத்திரமுமாக. "அந்தி நேரத்துல எம் பேரப்புள்ளய எரிஞ்சு போவும்னு சொல்லிட்டாளே பாவி! அவ நாக்குல இன்னாத்த வெக்கிறது! யாராவது சூடம் கொண்டாங்கடி, வாசல்ல நிக்க வெச்சு சுத்திப் போடணும்!"

சூடம்! என் சொல்லின் திருஷ்டி கழிய, திறந்து கிடக்கிற வாசலில், உள்ளே கேஸ் நிரம்பிய வீட்டுக்கு எதிரே! எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. யாரோ எடுத்து வந்து கொடுத்தும் விட்டார்கள். தீப்பெட்டி குலுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. சத்தியமாகக் கேட்டது.

"விஜி! புடுங்கு அத! கையிலேர்ந்து புடுங்கு!"

அவள் பிடுங்கினாள். தெரு நடுவில், அத்தனை பேர் பார்க்க, மாமியார் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். "அடிப்பாவி" என்று ஒரு சத்தம், அறை விழுந்த மாதிரி இன்னொரு சத்தம். "அடிச்சா அடிச்சிக்கிங்க அத்த, கொளுத்த விட மாட்டேன்" என்று விஜி சொன்னாள். அதுவரை குசுகுசுத்த குரல் அது. அப்போது தெருவுக்கே கேட்டிருக்கும்.

மெக்கானிக் வந்து கூட்டத்தைத் தள்ளி நிறுத்தினார். பின்னாலேயே தீயணைப்பு வண்டி வந்தது. தெருவில் மின்சாரத்தை நிறுத்தச் செய்து, கொல்லைப்புறமாகப் போய் வெளியிலிருந்தே ஜன்னல்களைத் திறந்து காற்று ஓட விட்டார்களாம். நடு அறையில் கரிச் சட்டி கனன்றுகொண்டேதான் இருந்ததாம். ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள். "நிலப்படி வரைக்கும் நாத்தம் மூஞ்சில அடிச்சிச்சுக்கா. சட்டி அங்கேருந்து ஒரு பாய் தூரத்துலதான் இருந்துச்சு. அவ்ளோதான் சொல்லுவேன்" என்று மெக்கானிக் மறுநாள் சொன்னார். ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகும் வால்வுக்குள் இருக்கிற பின் முழுதாக எழும்பாமல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். ரப்பர் வளையமும் பிய்ந்திருந்ததாம். மூடியைப் போட்டு, சிலிண்டரை வெட்டவெளிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக ரிட்டையர் ஆகியிருப்பேன்.

சில நாள் கழித்துக் கடலூர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது, நேரில் வரச் சொல்லி. பஸ் பிடித்துப் போனேன். பாராட்டப் போகிறார்கள் என்று, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டுதான் போனேன். அப்போது இருந்த மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் ஆள் வைத்துப் புகார் சொல்லியிருக்கிறார்கள். சிலிண்டர் மேல் இல்லை, டெலிவரி மேல் இல்லை. என் மேல். பச்சைக் குழந்தையைப் பற்றி அந்தியில் அபசகுனமாகப் பேசினேனாம், கஸ்டமரை ஒருமையில் திட்டினேனாம்.

"அப்படிப் பேசினீங்களா மேடம்?"

"பேசினேன் சார்."

"அதான் ஒண்ணும் ஆகலையே மேடம். எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க. அதுக்கு இவ்வளவு பேசணுமா? நம்ம ட்ரெய்னிங்ல என்ன சொல்லிக் குடுத்திருக்கோம்? கஸ்டமர்கிட்ட எப்பவும் பொறுமையா பேசணும்னுதானே?"

ஒண்ணும் ஆகலையே. அந்த ஒரு வார்த்தை என் உடம்பையெல்லாம் எரியவைத்தது. ஏதாவது ஆகியிருந்தால் இந்த மனிதர் மாலை வாங்கிக்கொண்டு போய்ப் போட்டோவுக்கு நின்றிருப்பார், நிவாரணம் பற்றிப் பேசியிருப்பார், என்னிடம் "ஏன் கொஞ்சம் அழுத்திச் சொல்லல?" என்றும் கேட்டிருப்பார். எதுவும் ஆகாததால், ஆபத்தே இல்லை என்றாகிவிட்டது. நாம் வேலையை ஒழுங்காகச் செய்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவும் மிஞ்சாது, பிள்ளைகளே. எரிந்த வீடு மிஞ்சாது, பேப்பரில் செய்தி மிஞ்சாது. ஒரு கிழவியின் கோபம் மட்டும் மிஞ்சும். அதற்கு நீங்கள் தயாராக இருக்க வேண்டும். இல்லை என்றால் இப்போதே பில்லிங் சீட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மேனேஜர் தன் மேஜைப் போனை என் பக்கம் தள்ளினார். "இங்கேர்ந்தே அந்தம்மாவுக்குப் போட்டு ஒரு சாரி சொல்லிடுங்க. பிரச்சனை முடிஞ்சுடும்" என்றார். சொல்லாமல் எழுந்து போகலாமா என்று பார்த்தேன். அவரே நம்பரை அழுத்திவிட்டார்.

மாமியார்தான் எடுத்தார். கேஸ் ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்றதுமே குரலைக் கண்டுபிடித்துவிட்டார். "வா, வா. உன் வாய்க்காகத்தான் காத்துகினு இருந்தேன்" என்றார்.

"விஜி எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"அவளுக்கு இன்னா, குத்துக்கல்லாட்டம் இருக்கறா. எனக்கே இப்ப எதுத்துப் பேசறா."

"புள்ள?"

"புள்ளைக்கு இன்னா கொறச்சல்? பால் குடிச்சிட்டு இப்பதான் தூங்குது. நீ அவ்ளோ கத்தினியே, எம் பேரனுக்கு ஒண்ணும் ஆவலியே!"

"அதுக்குத்தாம்மா கத்தினேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. அவரே மெதுவாகப் போனை வைத்துவிட்டார்.

"சாரி சொல்லிட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

இல்லை என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.